நியமனம் கையில், வேலை எங்கே?

யாழ்ப்பாணத்து அலுவலகங்களில் முதற்படியில் கால்வைக்கும் இளம் உத்தியோகத்தர்களை எது வாட்டுகிறது?

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்க வேணும்" என்று சொல்லியே பிள்ளைகளை வளர்த்த மண் இது. நியமனக் கடிதம் வந்த நாளில் கோயிலில் அர்ச்சனை நடக்கும். கனடாவில் இருக்கிற சித்தப்பாவுக்கு வட்ஸ்அப்பில் கடிதத்தின் படம் போகும். பட்டம் முடித்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்த பிள்ளைக்கும் பெற்றவர்களுக்கும் அந்த மகிழ்ச்சி நியாயமானது. அதே பிள்ளை கடமையேற்று ஆறு மாதம் போவதற்குள், பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் ஒருவரோடும் கதைக்காமல் அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்வதையும் எத்தனையோ வீடுகள் பார்க்கின்றன. "என்னடா, வேலை கூடவோ?" என்று அம்மா கேட்டால், "வேலை எண்டால் பரவாயில்லை அம்மா" என்று பதில் வரும்.

பிரதேச செயலகத்தின் அபிவிருத்தி உத்தியோகத்தர், முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர், வங்கிக் கிளையின் பயிலுநர், நிதி நிறுவனத்தின் உதவி முகாமையாளர் என்று பதவிப் பெயர் எதுவாகவும் இருக்கலாம். நிர்வாகத்தின் முதற்படியில் நிற்கிற இவர்களைச் சுற்றி நடக்கும் அலுவலக அரசியலுக்கு மனிதரின் குணத்தைக் காரணம் சொல்லிவிட்டுப் போவது சுலபம். பொறாமைக்காரர்களும் கோள்மூட்டுகிறவர்களும் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் அலுவலகங்களில் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது வேறொன்று. யாருக்கு என்ன வேலை, யார் சொன்னால் செய்ய வேண்டும், பிழைத்தால் யார் பொறுப்பு என்பவை எழுத்தில் இல்லை. எழுத்தில் இல்லாத இடத்தைச் செல்வாக்கு நிரப்பிக்கொள்கிறது.

நாற்காலி தேடும் நாட்கள்

யாழ்ப்பாண மாவட்டத்தில் நெடுந்தீவு தொடக்கம் மருதங்கேணி வரை 15 பிரதேச செயலகங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். 2017 பெப்ரவரி இறுதியில் வேலையற்ற பட்டதாரிகள் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் தொடங்கிய போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. பிறகு 2020 செப்டம்பரில் நாடு முழுவதும் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகள் பயிலுநர்களாக உள்வாங்கப்பட்டார்கள். மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாய். பயிற்சிக் காலம் முடிய அவர்களில் பெரும்பாலோர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக நிரந்தரமானார்கள். வீதியில் இருந்து போராடியவர்கள் கேட்டது வேலை. கொடுபட்டது நியமனம். வேலையைத் திட்டமிட்டு, அதற்கு எத்தனை பேர் தேவை என்று கணக்கிட்டு ஆட்களை எடுக்கவில்லை. ஆட்களை எடுத்த பிறகுதான் அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்ற கேள்வியே எழுந்தது.

அந்தக் கேள்வி ஒவ்வொரு பிரதேச செயலகத்தின் வாசலிலும் வந்து விழுந்தது. முதல் நாள் வரவுப் பதிவேட்டில் ஒப்பம் வைத்து, கடமையேற்புக் கடிதம் கொடுத்து முடிந்ததும், "இருங்கோ தங்கச்சி, பிறகு சொல்லுறன்" என்று ஒரு மூத்த உத்தியோகத்தர் சொல்வார். அவர் பொல்லாதவர் அல்ல. அவருக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. மூன்று பேருக்கு ஒரு மேசை, இரண்டு பேருக்கு ஒரு நாற்காலி. கணினி இருந்தால் அதற்குக் கடவுச்சொல் வேறொருவரிடம். அந்தப் 'பிறகு' வாரங்களாகும். அதற்கிடையில் போட்டோக்கொப்பி எடுப்பதும், விழாவுக்கு மேடை சோடிப்பதும், மற்றவரின் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுப்பதும் வேலையாகிவிடும். மறுத்தால் 'தலைக்கனம்' என்ற பெயர். மறுக்காமல் செய்தால், அதைச் செய்யச் சொன்னவரின் ஆள் என்ற பெயர்.

இதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. அபிவிருத்தி உத்தியோகத்தர்களில் ஒருவர் கலாசாரம், ஒருவர் மகளிர் விவகாரம், ஒருவர் சிறுதொழில், ஒருவர் மனிதவளம் என்று வெவ்வேறு அமைச்சுகளுக்கும் திணைக்களங்களுக்கும் உரியவர்கள். இருப்பதோ பிரதேச செயலாளரின் கூரையின் கீழ். மாத முன்னேற்ற அறிக்கை ஒரு பக்கம் போக வேண்டும், லீவு மறுபக்கம் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் ஒரே ஆளைக் கூப்பிட்டால் எங்கே போவதென்பதற்கு எழுத்தில் விடையில்லை. யாருடைய குரல் பெரிதோ அவர் பக்கம் போக வேண்டியதுதான்.

பிரித்தானிய வரலாற்றாசிரியர் சிரில் நோர்த்கோட் பார்க்கின்சன் 1955 இல் எழுதிய கட்டுரை ஒன்று உலகப் புகழ் பெற்றது. கிடைக்கிற நேரம் எவ்வளவோ அவ்வளவுக்கு வேலை நீளும் என்பது அவருடைய முதல் கண்டுபிடிப்பு. ஆட்கள் கூடும்போது உத்தியோகத்தர்கள் ஒருவருக்கொருவர் வேலை உண்டாக்கிக்கொள்வார்கள் என்பது அடுத்தது. அதை எழுதியபோது அவர் சிங்கப்பூரில், அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். யாழ்ப்பாணத்தார் தலைமுறை தலைமுறையாகப் போய் எழுதுவினைஞர்களாகவும் ரயில்வே உத்தியோகத்தர்களாகவும் இருந்த நாடு அது. அவர் சொன்னதை இன்றைக்கு எங்கள் செயலகங்களில் நேரிலே பார்க்கலாம்: ஒரே பயனாளிப் பட்டியலை மூன்று பேர் மூன்று படிவத்தில் சேகரிக்கிறார்கள். கிராமத்துப் பெண் ஒருத்தி ஒரே விபரத்தை மூன்று முறை சொல்கிறாள்.

ஒரு கோப்பின் பாதை

அலுவலக அரசியல் எங்கே குடியிருக்கிறது என்று அறிய விரும்புகிறவர் ஒரு கோப்பின் பின்னால் போக வேண்டும். முதியவர் ஒருவர் தன் காணி அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் பெயரை மாற்றக் கேட்டுக் கடிதம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடிதம் தபால் பதிவேட்டில் ஏறி, பிரதேச செயலாளரின் சுருக்கொப்பத்தோடு உரிய கிளைக்கு இறங்கும். கிளைத் தலைவரின் மேசையில் தங்கி, விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் வரும். அவர் பழைய கோப்பைத் தேடி எடுத்து, கடிதத்துக்குப் பக்க இலக்கமிட்டுக் கோத்து, குறிப்புத் தாளில் விபரம் எழுதி, பதில் வரைவோடு மேலே அனுப்ப வேண்டும். கோப்பு வந்த வழியே ஏறி, ஒப்பத்தோடு அதே வழியே இறங்கும்.

ஒவ்வொரு மேசையிலும் அந்தக் கோப்பு ஒரு நாளும் இருக்கலாம், ஒரு மாதமும் இருக்கலாம். பழைய கோப்பு எந்த அலுமாரியில் இருக்கிறது என்பது பழையவருக்குத்தான் தெரியும். அலுமாரித் திறப்பும் அவருடைய கைப்பையில். "அந்த மிஸ் லீவு முடிஞ்சு வரட்டும்" என்ற பதிலோடு முதியவர் திரும்பிப் போவார். மூன்றாம் முறை வந்து சத்தம் போடும்போது முன்னுக்கு நிற்பது புதிதாக வந்த பிள்ளை. ஏச்சு அந்தப் பிள்ளைக்கு.

இன்னும் பாரதூரமானது அடுத்த கட்டம். "அதை அப்பிடியே போட்டு அனுப்பும், நான் பாத்துக்கொள்ளுறன்" என்று மேலிருப்பவர் ஒருவர் வாயால் சொல்வார். புதியவர் நம்பிக் குறிப்பெழுதி ஒப்பம் வைப்பார். இரண்டு வருடம் கழித்துக் கணக்காய்வு வினா வரும். குறிப்புத் தாளில் இருப்பது புதியவரின் ஒப்பம் மட்டும். சொன்னவர் இடமாற்றம் பெற்றுப் போயிருப்பார், அல்லது "நான் அப்பிடிச் சொல்லேல்லையே" என்பார். அரச சேவையின் விதிகளான தாபனக் கோவையும் நிதிப் பிரமாணங்களும் பேச்சைக் கேட்பதில்லை. அவை கோப்பிலுள்ள கையெழுத்தைத்தான் கேட்கும். இதை ஒருமுறை அனுபவித்த உத்தியோகத்தர் பிறகு எந்தக் கோப்பிலும் முடிவெழுதத் துணியமாட்டார். "மேலதிகாரியின் ஆலோசனைக்கு" என்று எழுதித் தள்ளிவிடுவார். மக்கள் 'இழுத்தடிப்பு' என்று திட்டுகிற பழக்கத்தில் பெரும்பகுதி இந்தப் பயத்தில் பிறந்தது.

வாய்மொழி எங்கிருந்து வந்தது?

எழுத்துக்குப் பேர்போன ஊர் இந்த நிலைக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1823 இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கிய நாளிலிருந்து ஆங்கிலக் கல்வி இங்கே வேரூன்றியது. நிலம் சிறிது, தண்ணீர் அரிது. படித்த பிள்ளை கொழும்புக்கும் மலாயாவுக்கும் எழுதுவினைஞராகப் போய் அனுப்பிய மணியோடர்தான் பல குடும்பங்களுக்குக் கல்வீடு கட்டியது. பிழையில்லாத வரைவு, அழகான கையெழுத்து, ஒழுங்கான கோப்பு என்பவை அந்தத் தலைமுறையின் பெருமை.

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் அந்தப் பெருமையில் அடி விழுந்தது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்த எழுதுவினைஞர் செல்லையா கோடீஸ்வரனுக்கு 1962 இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். 1964 இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்குத் தொடுக்க முடியாது என்று சொல்லி உயர் நீதிமன்றம் 1967 இல் அதைத் தள்ளியது. 1969 டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில், முடியும் என்று தீர்ப்பளித்து, மொழிச் சட்டம் பற்றிய கேள்வியை மீண்டும் இலங்கை நீதிமன்றத்துக்கே அனுப்பியது. ஒரு சாதாரண எழுதுவினைஞரின் சம்பள ஏற்றம் நாட்டின் அரசியலமைப்புக் கேள்வியான வரலாறு அது. தன் உரிமையை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய ஒருவர் எங்களுக்கு முன்னோடியாக இருக்கிறார் என்பதை இன்றைய இளம் உத்தியோகத்தர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு யுத்தம். 1990 முதல் 1995 வரை குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோதும் கச்சேரியும் உதவி அரசாங்க அதிபர் பணிமனைகளும் இயங்கின. சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. இரண்டு அதிகாரங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு மக்களுக்கு நிவாரண அரிசியையும் மருந்தையும் சேர்ப்பித்த அந்த உத்தியோகத்தர்களின் தியாகம் பெரிது. எழுதிய ஒரு வரி எந்தப் பக்கத்தாலும் ஆபத்தைக் கொண்டுவரக்கூடிய காலம் அது. வாயால் சொல்லி, காதால் கேட்டு, தடயமில்லாமல் காரியத்தை முடிப்பது அன்றைக்குத் தற்காப்பு. அப்போது இளைஞர்களாக இருந்தவர்கள்தான் அண்மைக்காலம் வரை மூத்த கதிரைகளில் இருந்தார்கள். யுத்தம் 2009 இல் முடிந்தது. வாய்மொழிப் பழக்கம் முடியவில்லை. ஆபத்துக்குப் பயந்து தொடங்கிய வழக்கம் இன்று பொறுப்பிலிருந்து தப்பிக்கும் வழியாகிவிட்டது.

ஊர், பள்ளிக்கூடம், பெட்டிசம்

கடமை எழுத்தில் இருந்தால் வேலையைக் கொண்டு ஆளை அளக்கலாம். இல்லாதபோது வேறு அளவுகோல்கள் வரும். "தம்பி எந்த ஊர்? எந்தப் பள்ளிக்கூடம்? கம்பசிலை எந்த பச்?" என்று முதல் வாரத்தில் கேட்கப்படும் கேள்விகள் அன்பாகவே கேட்கப்படலாம். ஆனால் 'எந்த ஊர்' என்பதற்குப் பின்னால், ஊருக்குள் எந்தப் பகுதி என்ற இன்னொரு கேள்வி மறைந்திருப்பதை யாழ்ப்பாணத்தில் பிறந்த எவரும் அறிவார். சாதியை வாய்திறந்து கேட்காமலே அறிந்துகொள்ளும் அந்த வழி, தேநீர் இடைவேளையில் யார் யாரோடு இருப்பது என்பதிலும், எந்தப் பொறுப்பு யாருக்குப் போகிறது என்பதிலும் தெரியவரும். இதை மூடிமறைத்துப் பேசுவதால் ஒருவருக்கும் நன்மையில்லை. திறமையோடு வந்த ஒரு பிள்ளையை அந்தக் கேள்வி எவ்வளவு கூனவைக்கிறது என்பதை மூத்தவர்கள் உணர வேண்டும்.

அடுத்தது பெட்டிசம். பெயரில்லாமல் எழுதி, கொழும்புக்கும் ஆளுநர் அலுவலகத்துக்கும் பத்துப் பிரதி அனுப்புகிற மொட்டைக் கடிதம் இந்த மண்ணின் பழைய நோய். நேருக்கு நேர் முறையிட ஒரு ஒழுங்கு இருந்தால் பெட்டிசத்துக்குத் தேவை குறையும். முறைப்பாடு சொன்னால் தன் பெயர் பின்னேரத்துக்குள் அலுவலகம் முழுக்கப் பரவிவிடும் என்று தெரிந்தவர்தான் மொட்டைக் கடிதத்தைத் தேடிப் போகிறார். அதில் உண்மையும் வரும், பழிவாங்கலும் வரும். இரண்டையும் பிரித்தறிய வழியில்லாததால், உண்மையாகப் பாதிக்கப்பட்டவரின் குரலும் சேர்ந்தே குப்பைக்குப் போகிறது.

எல்லாவற்றுக்கும் மேலான ஆயுதம் இடமாற்றம். வருடாந்த இடமாற்றத்துக்கு விதிகள் இருக்கின்றன. விதிக்கும் பட்டியலுக்கும் நடுவில் நடக்கிற தொலைபேசி அழைப்புகள் பற்றி எல்லாருக்கும் தெரியும். நெடுந்தீவுக்கு உத்தியோகத்தர் கட்டாயம் வேண்டும். அங்குள்ள மக்களும் மற்றவர்களைப் போலவே சேவைக்கு உரித்துடையவர்கள். ஆனால் விடிய முன்னம் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, பஸ்ஸில் குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து ஒரு மணித்தியாலம் கடலில் பயணம் செய்ய வேண்டிய ஒரு சேவையிடம் முறைப்படி சுழற்சியில் வர வேண்டும். "கூடக் கதைச்சால் தீவுக்குப் போடுவன்" என்ற பயமுறுத்தலாக அது மாறும்போது, போகிற உத்தியோகத்தருக்கும் அவமானம், தீவு மக்களுக்கும் அவமானம்.

பெண்களுக்கு இரட்டைச் சுமை

இந்தப் படியில் நிற்பவர்களில் பெண்கள் ஏராளம். காலையில் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, 8.30க்கு முன் விரலடையாள இயந்திரத்தில் விரல் வைக்க ஓடுகிறவர்கள் அவர்கள். பின்னேரம் 4.15க்குப் பிறகு வைக்கப்படும் கூட்டங்களுக்கு நிற்க முடியாவிட்டால் 'அக்கறையில்லாதவ' என்ற பெயர். களப் பயணத்தில் மேலதிகாரியின் மோட்டார் சைக்கிளில் ஏறச் சொல்வது, இரவில் தேவையில்லாத குறுஞ்செய்தி அனுப்புவது போன்றவை பற்றி வெளியில் பேசினால் பழி தன்மேல்தான் விழும் என்ற பயத்தில் பலர் விழுங்கிக்கொள்கிறார்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு 1995 இல் திருத்தப்பட்டதிலிருந்து, வேலைத்தலத்தில் அதிகாரத்தைப் பயன்படுத்திச் செய்யும் பாலியல் துன்புறுத்தல் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இதை ஒவ்வொரு அலுவலகமும் புதியவருக்கு முதல் நாளிலேயே சொல்ல வேண்டும். அவருக்கு மேலே இருக்கிறவருக்கும் நினைவூட்ட வேண்டும்.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே

தனியார் துறையில் நிலை வேறு மாதிரி. 2009 க்குப் பிறகு ஏ-9 வீதி வழியாக வங்கிகளும் நிதி நிறுவனங்களும் யாழ்ப்பாணத்துக்கு வரிசையாக வந்து கிளை திறந்தன. அங்கே வேலை எழுத்தில் இருக்கிறது, 'டார்கெட்' என்ற எண்ணாக. இந்த மாதம் இவ்வளவு வைப்பு, இவ்வளவு கடன், இவ்வளவு அறவீடு. எண் எழுத்தில் இருக்கும். நேரம் எழுத்தில் இருக்காது. கடைகள், அலுவலக ஊழியர் பற்றிய 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வகுத்திருக்கிறது. 'எக்சிகியூட்டிவ்' என்ற பதவிப் பெயரைக் கொடுத்துவிட்டு இரவு எட்டு மணிக்கும் கடன்காரர் வீட்டுப் படலையில் பிள்ளையை நிற்கவைப்பது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு விரோதம். டார்கெட் முடிக்க முடியாமல் சொந்தக்காரரிடம் கெஞ்சி வைப்புக் கணக்குத் திறக்கிற இளைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். அரச அலுவலகத்தில் வேலையில்லாமல் வாடுகிற பிள்ளைக்கும், இங்கே எண்ணுக்குப் பின்னால் ஓடுகிற பிள்ளைக்கும் நோவு ஒன்றுதான்: தன் நாள் தன் கையில் இல்லை.

இதை வெறும் மனக்குறை என்று தள்ள முடியாது. பிரித்தானியாவில் 1985 இல் தொடங்கிய 'வைட்ஹோல்' ஆய்வின் இரண்டாம் கட்டத்தில் லண்டனின் 10,308 அரச ஊழியர்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் எல்லாரும் நிரந்தரச் சம்பளம் வாங்குகிறவர்கள். இருந்தும் பதவிப் படி இறங்க இறங்க இதய நோய் கூடியது. தன் வேலையைத் தானே ஒழுங்குபடுத்த முடியாத நிலை அதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று என்று ஆய்வாளர் மைக்கல் மார்மட்டும் அவரது குழுவினரும் காட்டினார்கள்.

எழுத்தில் வரட்டும்

2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சம்பளமற்ற லீவில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போக அரசாங்கமே அனுமதி கொடுத்தது. போனவர்களின் மேசைகளை மிஞ்சியவர்கள் பதில் கடமையில் சுமக்கிறார்கள். போக நினைக்கும் இளையவர்களிடம் சம்பளம் போதாது என்ற காரணத்தோடு, "இங்கை இருந்து என்ன செய்யிறது?" என்ற கேள்வியும் இருக்கிறது. அவர்களை நிறுத்திவைக்கக்கூடிய சில மாற்றங்களுக்குப் பெரிய செலவில்லை.

கடமையேற்கும் நாளிலேயே பெயரிட்ட, திகதியிட்ட கடமைப்பட்டியல் ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். யாருக்கு அறிக்கை செய்வது, அவர் இல்லாவிட்டால் யாருக்கு, எந்தக் கோப்புகள் இவர் பொறுப்பு, அவை எந்த அலுமாரியில், திறப்பு யாரிடம் என்பவை அதில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைத் திருத்த வேண்டும். அமைச்சுக்கும் செயலகத்துக்கும் இடையில் இழுபடும் உத்தியோகத்தருக்கு எந்த நாள் யாருக்குரியது என்று மாவட்டச் செயலகம் எழுதித் தீர்க்க வேண்டும்.

வாய்மொழி உத்தரவு கிடைத்தால் புதியவர் அன்றைக்கே குறிப்புத் தாளில் "தங்களது இன்றைய வாய்மொழி அறிவுறுத்தலுக்கமைய" என்று தொடங்கி எழுதி மேலே அனுப்பப் பழக வேண்டும். மரியாதைக் குறைவு எதுவும் அதில் இல்லை. நேர்மையான மேலதிகாரி அதைப் பார்த்து நிம்மதியடைவார், ஏனென்றால் அது அவரையும் காக்கிறது.

இடமாற்றப் பட்டியலோடு அது எந்த அளவுகோலில் தயாரிக்கப்பட்டது என்பதும் சேர்ந்து வெளிவர வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் அதைக் கேட்கலாம். அநீதி நடந்தால் பொதுச் சேவை ஆணைக்குழு, நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம் என்று கையொப்பத்தோடு போகக்கூடிய வாசல்கள் இருக்கின்றன.

கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கை தமிழில் உடனே கிடைக்காதபோது, சிங்களம் தெரிந்த ஒருவர் சொல்வதே சட்டமாகிவிடுகிறது. அரச சுற்றறிக்கைப்படி புதிய உத்தியோகத்தர் குறித்த காலத்துக்குள் இரண்டாம் அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும். சம்பள ஏற்றத்துக்கான பரீட்சையாக மட்டும் அதைப் பார்க்காமல் இளையவர்கள் ஊன்றிப் படிக்கட்டும். மூலத்தைத் தானே வாசிக்கத் தெரிந்தவரை ஒருவரும் ஏமாற்ற முடியாது. ஆனாலும் சுற்றறிக்கைகளைத் தமிழிலும் உரிய நேரத்தில் அனுப்புவது அரசின் கடமையாகவே இருக்கும்.

மூத்த உத்தியோகத்தர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஷெல் அடிக்குள்ளும் இடப்பெயர்வுக்குள்ளும் கோப்புகளைக் காப்பாற்றியவர்கள், அல்லது அப்படிக் காப்பாற்றியவர்களிடம் வேலை பழகியவர்கள். அந்த அனுபவம் எந்தப் பயிற்சி நிலையத்திலும் கிடைக்காது. அதைக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டாமல் உங்களுக்குப் பிறகு வருகிற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த நியமனம் வரும்போது, "பிறகு சொல்லுறன்" என்பதற்குப் பதிலாக, அந்தப் பிள்ளையின் பெயரெழுதிய ஒரு கடமைப்பட்டியலை மேசையில் வையுங்கள். பிரதேச செயலாளரின் ஒப்பம் பட்ட அந்த ஒற்றைத் தாள் இருந்தால் மூன்று முறை அலைந்த முதியவருக்கும் பதில் சொல்ல ஒரு ஆள் இருப்பார்.